வயலில் நின்ற சூடு, படலையில் நிற்கும் வரிசை: கிளிநொச்சி அரிசி ஆலை ஒன்றின் அறுவடைக் கால நிகழ்வு ஆய்வு

பெரும்போகமான காலபோகத்தின் அறுவடை உச்சத்தில் இருக்கும் மாசி மாதத்து இரண்டு மூன்று கிழமைகளில், கிளிநொச்சிக்கு அண்மையிலுள்ள நடுத்தர அரிசி ஆலை ஒன்றின் படலைக்கு, அதாவது வாயிற் கதவுக்கு, வெளியே உழவு இயந்திரங்கள் நெல் ஏற்றிய இழுவைப் பெட்டியோடு வரிசையாக நிற்கும். சாரதிகள் பெட்டியின் நிழலில் படுத்திருப்பார்கள். நெல்லுக்குச் சொந்தக்காரர் மட்டும் படுப்பதில்லை. அவர் படங்கை ஒரு பக்கம் விலக்கிக் கையை முழங்கை வரைக்கும் நெல்லுக்குள் விட்டுப் பார்ப்பார், சற்று நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பார். மேலே குளிர்ந்திருக்கும் நெல் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் அது மூச்சு விடத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஈரம் கூடிய நெல்லைக் குவியலாக விட்டால் அது தானே சூடேறும், நிறம் மஞ்சளாகும், மணம் மாறும், அரிசி உடையும். ஈரப்பதன் பார்க்கும் இளைஞர் அளவு கூடிவிட்டது என்று சொன்னபோது வயதான கமக்காரர் ஒருவர் சொன்ன பதில் இந்த ஆய்வு முழுவதற்கும் தலைப்பாக வைக்கக்கூடியது: "நேற்றுப் பின்னேரம் கொண்டரேக்க நல்ல நெல்லுத்தான் தம்பி. உங்கட படலையிலதான் இது பழுதாப் போனது."

ஆலையின் பெயர் இங்கு தேவையில்லை. இதே நிலை வன்னியின் பல ஆலைகளிலும் கொள்வனவு நிலையங்களிலும் உள்ளது. கீழே வரும் ஆலை எண்கள், கணக்கின் போக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்ட முழு எண்கள். தங்கள் ஆலையின் எண்களை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்குத் தொகை மாறும், போக்கு மாறாது.

சூடு எங்கே போனது?

வரிசையைப் பற்றிப் பேசும் எல்லோரும் ஆலையில் இருந்தே பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் வயலில் இருந்து தொடங்க விரும்புகிறேன். அரிவாளால் வெட்டிய காலத்தில் நெல் வயலை விட்டு உடனே வெளியேறவில்லை. வெட்டிய கதிரை உப்பட்டியாகப் போட்டுக் காயவிட்டு, பிறகு கட்டிச் சுமந்து சூடு வைத்தார்கள், அதாவது கதிர்க் கட்டுகளைப் போராக அடுக்கி வைத்தார்கள். ஆட்களும் காலநிலையும் வாய்த்தபோது சூடடித்தார்கள். தைப்பூசத்துக்குப் புதிர் எடுக்கத் தேவையான கொஞ்ச நெல்லை முன்கூட்டியே அடித்துக்கொண்டாலும், பெரும்பகுதி சூட்டிலேயே கிடந்தது. ஒழுங்காக வேய்ந்த சூடு சிறு மழையைத் தாங்கும், கிழமைக்கணக்கில் காத்திருக்கும். உற்பத்தி முகாமைத்துவத்தின் மொழியில் சொன்னால், அறுவடைக்கும் ஆலைக்கும் இடையில் இருந்த இடைத்தாங்கல் இருப்பு அந்தச் சூடுதான். அதற்குச் செலவு குறைவு, அதில் இருந்த நெல்லும் ஏற்கெனவே ஓரளவு காய்ந்த நெல்.

வெட்டு மெசின் வந்தபின் சூடு இல்லாமற் போனது. வெட்டுவதும் அடிப்பதும் தூற்றுவதும் ஒரே ஓட்டத்தில் முடிகின்றன. ஆட்கூலி நெருக்கடியில் இருந்த கமக்காரருக்கு அது பெரிய விடுதலை, அதை மறுத்துப் பேசுவதற்கு எனக்கு உரிமை இல்லை. ஆனால் மெசினில் இருந்து கொட்டும் நெல்லின் ஈரப்பதன் பெரும்பாலும் நூற்றுக்கு 20 ஐத் தாண்டியிருக்கிறது, களஞ்சியத்தில் வைக்கவோ அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு விற்கவோ அது 14 க்கு இறங்க வேண்டும். முன்பு ஒரு மாதத்துக்கு மேல் பரந்து வந்த நெல் இப்போது இரண்டு மூன்று கிழமைக்குள், அதுவும் ஈரமாக, ஆலையை நோக்கி வருகிறது. இடைத்தாங்கல் இருப்பு ஒழிந்துவிடவில்லை, அது வயலில் இருந்து பெட்டிக்கு இடம் மாறியிருக்கிறது. வாடகை உழவு இயந்திரத்தின் பெட்டியைப் போல விலை கூடிய களஞ்சியம் வேறு கிடையாது.

படலையின் கணக்கு

ஆலையின் முதற் குறை, நெல்லை ஏற்கும் இடம் மெதுவாக இயங்குகிறது என்பது. ஒரு பெட்டிக்கு ஈரம் பார்த்தல், தராசில் நிறுத்தல், கொட்டுதல், வெறும் பெட்டியை மறுபடி தராசில் நிறுத்தல் எல்லாவற்றுக்கும் சராசரியாக 20 நிமிடம் என்று கொள்வோம். அப்படியானால் மணிக்கு 3 பெட்டி, 10 மணித்தியால நாளில் 30 பெட்டி. உச்சக் காலத்தில் நாளுக்கு 27 பெட்டிதான் வருகிறது. முப்பது ஏற்கக்கூடிய இடத்தில் இருபத்தேழு வந்தால் வரிசையே இருக்கக்கூடாது என்று முகாமையாளர் வாதிட்டார். பள்ளிக்கூடக் கணக்கில் அவர் சொல்வது சரி. வரிசையின் கணக்கு வேறு.

தொலைபேசி இணைப்பகங்களுக்காக 1909 இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்லாங் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாடு சொல்வது இதுதான்: வருகையும் சேவை நேரமும் சீராக இல்லாமல் ஏறி இறங்கும்போது, கொள்ளளவு நிரம்ப நிரம்பக் காத்திருப்பு நேர்கோட்டில் கூடாது, செங்குத்தாக ஏறும். நாளுக்கு 24 பெட்டி வந்தால், அதாவது கொள்ளளவில் 80 விழுக்காடு பயன்பட்டால், எல்லோரையும் ஒரே இடத்தில் ஒவ்வொருவராக ஏற்கும் எளிய ஒற்றைச் சேவகர் மாதிரியின்படி ஒரு பெட்டி தன் முறைக்காகச் சராசரி 80 நிமிடம் காத்திருக்கும். 27 பெட்டி வந்தால் அது 3 மணித்தியாலம். மூன்று பெட்டி கூடியதற்குக் காத்திருப்பு இரண்டு மடங்கையும் தாண்டுகிறது. பயன்பாடு 95 விழுக்காடானால், சராசரியில் இன்னும் ஒன்றரைப் பெட்டி கூடியதற்கு, 6 மணி 20 நிமிடம். நாள் முடிவில் படலை மூடப்படுவதாலும் உச்சம் சில கிழமைகளில் வடிந்துவிடுவதாலும் உண்மையான எண் இதற்குச் சற்றுக் கீழே நிற்கும். ஆனாலும் ஏற்றத்தின் வடிவம் இதுவே.

காத்திருப்பை அளக்க ஒருவரையும் நேரம் பார்க்க வைக்கத் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜோன் லிட்டில் 1961 இல் நிறுவிய விதிப்படி, ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருப்பவற்றின் தொகை, வரும் வேகத்தையும் ஒன்று உள்ளே கழிக்கும் சராசரி நேரத்தையும் பெருக்கியதற்குச் சமம். படலையில் நிற்பதையும் ஏற்றுக்கொண்டிருப்பதையும் சேர்த்து மணிக்கொரு தடவை எண்ணி, சராசரி 9 என்று வந்தால், மணிக்கு 2.7 பெட்டி வரும் இடத்தில் ஒவ்வொருவரும் 3 மணி 20 நிமிடம் செலவிடுகிறார்கள். "அரை மணித்தியாலத்தில விட்டிடுவம் ஐயா" என்று படலையில் சொல்லப்படும் ஆறுதலை இந்த எளிய எண்ணிக்கை ஒரே நாளில் பொய்யாக்கிவிடும்.

வன்னியில் வரிசைக்கு விளக்கம் தேவையில்லை. 2002 இல் ஏ-9 பாதை திறந்து 2006 இல் மூடும் வரை ஓமந்தை, முகமாலை சோதனைச் சாவடிகளில் நின்ற தலைமுறையும், 2022 இல் எரிபொருளுக்காக நின்ற தலைமுறையும் இங்கேதான் இருக்கின்றன. நிற்பது பழகிப்போன சமூகத்தில் நிற்பதை ஒரு செலவாக எழுதிக் காட்டுவது கடினம் என்பதே எனக்கு ஏற்பட்ட முதற் சிக்கல்.

இரண்டாவது தராசு

ஆலை இரண்டாவது தராசு ஒன்றை வாங்கிப் பூட்டியது. ஏட்டுக் கணக்கில் இது அருமையான முடிவு. ஒரே வரிசையில் இருந்து இரண்டு தராசுக்கும் ஆட்களை விட்டால், அதே 27 பெட்டிக்குக் காத்திருப்பு 3 மணித்தியாலத்தில் இருந்து ஏறத்தாழ 5 நிமிடமாக இறங்க வேண்டும். வீதியோர வரிசை உண்மையிலேயே கரைந்தது. முகாமையாளர் மகிழ்ந்தார். ஒரு கிழமைக்குள், நிறுத்து முடித்த பெட்டிகள் கொட்ட இடமின்றி ஆலையின் முற்றத்துக்குள் நெருங்கி நிற்கத் தொடங்கின. வீதியில் நின்ற வரிசை உள்ளே வந்து நின்றது. வெளியில் நின்றபோது வேறு ஆலையைத் தேடிப் போகும் வாய்ப்பாவது கமக்காரருக்கு இருந்தது. நிறுத்துச் சிட்டை எழுதி உள்ளே வந்தபின் அதுவும் இல்லை.

காரணம் காய்ச்சல் தளம். ஆலையின் சீமெந்துத் தளம் அரை ஏக்கர், ஏறத்தாழ 2,000 சதுர மீற்றர். நெல்லை 4 சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பினால் ஒரு சதுர மீற்றரில் 23 கிலோ அளவில் கொள்ளும். முழுத் தளத்திலும் 46 தொன். நல்ல வெயிலில் அடிக்கடி கிளறிவிட்டு 14 க்கு இறக்க இரண்டு நாள் என்று வைத்தால், தளம் நாளொன்றுக்கு ஏற்கக்கூடியது 23 தொன் மட்டுமே. 27 பெட்டியும் சராசரி 2 தொன் கொண்டு வந்தால் 54 தொன். அதில் பாதி, வீட்டு முற்றத்திலும் வீதிக்கரையிலும் கமக்காரர் தாங்களே காயவைத்துக் கொண்டுவருவது என்று கொண்டாலும், மிச்சம் 27 தொன் ஈர நெல். நாளுக்கு 4 தொன், அதாவது இரண்டே இரண்டு பெட்டி, தளத்துக்கு மேலதிகம். எவரின் கண்ணிலும் படாத அளவு. பத்து நாளில் அது 20 பெட்டி. மாசியில் ஒரு மழை பெய்து தளத்தை ஒரு நாள் முடக்கினால், அன்று மட்டும் இன்னும் 11, 12 பெட்டி சேரும்.

முதலில் 20 நிமிடம் என்று கொண்ட நேரத்துக்குள்ளேயே இந்த உண்மை ஒளிந்திருந்தது. பதிவுகளைப் பிரித்துப் பார்த்தபோது காய்ந்த நெல்லுக்கு 10 நிமிடமும் ஈர நெல்லுக்கு 30 நிமிடமும் ஆகியிருந்தன. ஈர நெல்லின் 30 நிமிடத்தில் பெரும்பகுதி, கொட்ட இடம் ஒதுக்குவதற்காக ஏற்கெனவே பரப்பிய நெல்லைத் தள்ளிக் குவித்த நேரம். தராசு மெதுவாக ஓடவில்லை, தளம் அதைப் பிடித்து வைத்திருந்தது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் பயிர் செய்பவருக்கு இதை விளங்கப்படுத்த ஒரு நிமிடம் போதும்: கிளை வாய்க்காலின் துருசு, அதாவது மதகு, ஒடுக்கமாக இருக்கும்போது தலை வாய்க்காலை அகலமாக வெட்டி என்ன பயன்? முகாமையாளருக்கு விளங்கப்படுத்த எனக்கு மூன்று நாள் எடுத்தது, ஏனென்றால் தராசு ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது.

உலர்த்தும் இயந்திரம் ஒன்றை வாங்குவதே நேரான தீர்வு என்று வாசிப்பவர் நினைக்கலாம். ஆண்டில் காலபோகத்தில் மூன்று கிழமையும், குளத்து நீரின் அளவைப் பார்த்துக் குறைந்த ஏக்கரில் செய்யப்படும் சிறுபோகத்தில் அதைவிடக் குறைந்த நாட்களும் மட்டுமே ஓடப்போகும் இயந்திரத்துக்கு முதலீடு செய்ய இந்த ஆலை தயங்கியது. அந்தத் தயக்கம் நியாயமானது. நாளுக்கு 4 தொன் இடைவெளியை அடைப்பதற்கு முதலில் வேறு வழிகளைத் தேட வேண்டும்.

முதலில் யார்?

வரிசையைக் குலைத்துத் தெரிந்தவரை உள்ளே விடுவது குறித்துக் கமக்காரரிடையே இருந்த மனக்கசப்பு, காத்திருப்பைப் பற்றியதைவிடப் பெரியது. கணக்கு இதில் ஒரு சங்கடமான செய்தியைத் தருகிறது. சேவை நேரத்தைப் பார்க்காமல் எவரை முன்னே விட்டாலும் எல்லோருடைய சராசரிக் காத்திருப்பும் மாறாது. ஒருவர் பெறும் நேரத்தை மற்றவர்கள் இழக்கிறார்கள். மாறுவது பரவல். வந்த ஒழுங்கில் விட்டால் பரவல் மிகக் குறைவு, குலைத்தால் சிலர் பத்து நிமிடத்திலும் சிலர் விடிய விடிய நின்றும் போவார்கள். சராசரியை மட்டும் காட்டும் அறிக்கையில் இந்த அநியாயம் தெரியவே தெரியாது.

ஆனாலும் வந்த ஒழுங்கை ஒரு புனித விதியாக்குவதும் இங்கே தவறு. 15 விழுக்காடு ஈரத்தோடு வந்த நெல் ஓர் இரவு நின்றால் பெரிய நட்டமில்லை. 22 விழுக்காட்டோடு வந்தது நின்றால் பழுதாகும். காத்திருப்பதால் மணிக்கு மணி இழப்புக் கூடிய வேலையையும், சீக்கிரம் முடியும் வேலையையும் முன்னே எடுப்பதே கோட்பாடு சொல்லும் முறை. அதன்படி காய்ந்த நெல்லுக்கு ஒரு தராசை முழுமையாக ஒதுக்கிக் களஞ்சியத்துக்கு நேராக அனுப்பிவிட்டு, ஈர நெல்லைத் தளத்துக்கான தனி வரிசையில், ஈரம் கூடியதை முதலாகக் கொண்டு எடுக்கும்படி சொன்னேன். இரண்டாவது தராசுக்கு இப்படியாவது ஒரு வேலை கிடைத்தது.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதைச் சொன்னவர் ஒரு கமக்காரர்: ஈரமாகக் கொண்டுவருபவனை முன்னே விட்டால் காயவைக்க எவன் மினக்கெடுவான்? பதில் விலையில் இருக்கிறது. 22 விழுக்காடு ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லை 14 க்கு இறக்கினால் 907 கிலோதான் மிஞ்சும். 93 கிலோ தண்ணீர். அந்தக் கழிவைச் சரியாகக் கணக்கிட்டு, காய்ச்சல் கூலியைத் தனியாகச் சிட்டையில் எழுதினால் ஈரமாகக் கொண்டுவருவது இலாபமாக இராது. இப்போது நடப்பது கண்மதிப்புக் கழிவு, மூடைக்கு இத்தனை கிலோ என்று. அது சில நாள் ஆலைக்கு நட்டம், பல நாள் கமக்காரருக்கு நட்டம். ஒழுங்காக அளந்த ஈரப்பதன் இல்லாத இடத்தில் எந்த முன்னுரிமை விதியும் சண்டையில்தான் முடியும்.

மெசின்காரரின் கொப்பி

இந்த ஆலை எத்தனையோ கணக்குகளை எழுதி வைக்கிறது, நாளைக்கு எத்தனை பெட்டி வரும் என்பதை மட்டும் எழுதி வைப்பதில்லை. அது தெரிய வராது என்பது எல்லோருடைய எண்ணம். உண்மையில் வன்னி நெல்லைப் போல முன்கூட்டியே தெரியக்கூடிய விளைபொருள் குறைவு. குளத்துக்குக் கீழான நிலத்துக்கு, மாவட்டச் செயலாளர் தலைமையில் கமக்காரர் அமைப்புகளோடு நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புக் காலமும் தண்ணீர் திறக்கும் நிறுத்தும் திகதிகளும் தீர்மானிக்கப்படுகின்றன. விதைத்த திகதியோடு இனத்தின் வயதை, மூன்று மாதமோ மூன்றரை மாதமோ நான்கு மாதமோ, கூட்டினால் எந்த வாய்க்காலின் நெல் எந்தக் கிழமையில் வெட்டுக்கு வரும் என்பது மார்கழியிலேயே தெரிந்துவிடும்.

அது கிழமைக் கணக்கு. நாட்கணக்கு இன்னும் அருகில் இருக்கிறது. வெட்டு மெசின் ஒன்றின் சாரதியோடு ஒரு பின்னேரம் பேசியபோது அவர் சட்டைப் பையில் இருந்து எடுத்த சிறிய கொப்பி, இந்த ஆய்வில் நான் கண்ட மிகப் பெறுமதியான ஆவணம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பக்கங்களில் யாருடைய வயல், எத்தனை ஏக்கர், எந்த நாள் என்று மூன்று நான்கு நாளுக்கு முன்னதாகவே ஒழுங்கு எழுதப்பட்டிருந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடு இருந்தால் பிந்திய இடம் என்று பொருள். ஆலைக்கு அடுத்த மூன்று நாளில் வரப்போகும் வருகை முழுவதும் ஐந்தாறு கொப்பிகளில் இருக்கிறது. ஆலையில் இருந்து எவரும் அதைக் கேட்டதில்லை. "கேட்டா சொல்லுவம் அண்ணை, எங்களுக்கென்ன" என்றார் அவர்.

அதைக் கேட்பதால் என்ன கிடைக்கும் என்பதைக் கிங்மன் 1961 இல் தந்த தோராயச் சூத்திரத்தால் மதிப்பிடலாம். அதில் காத்திருப்பு மூன்றின் பெருக்கம்: பயன்பாட்டு நெருக்கம், வருகையினதும் சேவையினதும் ஏற்ற இறக்கத்தின் சராசரி, ஒரு சேவைக்கான நேரம். பழைய ஒற்றைத் தராசு நிலையில், 90 விழுக்காடு பயன்பாட்டில் முதலாவது 9 (நிரம்பிய 90 ஐ மிச்ச 10 ஆல் வகுத்தது), இரண்டாவது 1, மூன்றாவது 20 நிமிடம், மொத்தம் 180 நிமிடம். முறை கொடுத்து வருகையைப் பரப்பி, ஈர நெல்லையும் காய்ந்த நெல்லையும் பிரித்துச் சேவை நேரத்தைச் சீராக்கி, இரண்டாவது காரணியை 0.5 க்கு இறக்கியிருந்தால், ஒரு தராசும் வாங்காமலே 90 நிமிடமாகியிருக்கும். தளத்துக்கும் இதே பயன் உண்டு. நாளுக்கு 23 தொன்னுக்கு மேல் ஈர நெல்லுக்கு முறை கொடுக்காவிட்டால் மிச்ச இரண்டு பெட்டிக்குரியவர் முதல் நாளே அறிந்து, வெட்டை ஒரு நாள் தள்ளலாம், அல்லது வீட்டிலேயே காயவைக்கலாம். கதிர் வயலில் நிற்கும் ஒரு நாள், நெல் பெட்டியில் நிற்கும் ஒரு நாளைவிட மலிவு.

மழைச் செய்தி வந்தால் இந்த ஒழுங்கு உடையும் என்பதை மறைக்கத் தேவையில்லை. வானிலை அறிவிப்பு ஒன்று வந்ததும் எல்லோரும் ஒரே இரண்டு நாளில் வெட்டி முடிக்க ஓடுவார்கள். விலைச் செய்தியும் அப்படியே. 2025 பெப்ரவரியில் அரசு 'நாடு' என்ற இன நெல்லுக்குக் கிலோ 120 ரூபாயும், சம்பாவுக்கு 125 உம், கீரிச் சம்பாவுக்கு 132 உம் என்று கொள்வனவு விலையை அறிவித்தது. இப்படி அறுவடையை ஒட்டி விலை வரும்போது, அதுவரை பிடித்து வைத்தவர்கள் ஒன்றாகப் புறப்படுகிறார்கள். வருகை கொள்ளளவைத் தாண்டும் நாட்களில் சராசரிச் சூத்திரங்கள் உதவா, வெறும் கழித்தலே போதும்: 30 ஏற்கும் இடத்துக்கு நாளுக்கு 36 வந்தால் ஐந்து நாளில் 30 பெட்டி மிஞ்சும், வருகை 24 க்கு இறங்கியபின் அதைத் தீர்க்க இன்னும் ஐந்து நாள்.

ஆலைக்குள்ளே நடக்கும் உற்பத்தி ஒழுங்கு பற்றி அதிகம் சொல்ல இல்லை. சிவப்பு அரிசி குற்றியபின் வெள்ளை அரிசிக்கு மாறும்போது இயந்திரத்தையும் தூக்கியையும் துப்புரவாக்க வேண்டும், மறுவழி மாறும்போது அந்தளவு இல்லை. ஆகவே வெள்ளை இனங்களான நாடு, சம்பா இரண்டையும் கிழமையின் முற்பகுதியிலும் சிவப்பு இனமான ஆட்டக்காரியைப் பிற்பகுதியிலும் ஓட்டினால் கிழமைக்கு ஒரு பெரிய துப்புரவு போதும். நெல்லை ஊறவைத்து அவிக்கும் தொட்டிகளின் அளவுக்கே தொகுதியின் அளவைப் பொருத்த வேண்டும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னர் வெள்ளைப் பச்சை அரிசிக்கு வரும் கேள்விக்கு மட்டும் இருப்பைத் தனியாக ஒதுக்கலாம். இவை தெரிந்த விடயங்கள், செய்தால் சரி.

முறைச் சிட்டையின் சிக்கல்கள்

முறை கொடுப்பது அந்தப் போகத்தின் கடைசிப் பத்து நாட்களில் அரைகுறையாக நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் 6 மணிக்கு ஆலைப் பையன் ஒருவர் மெசின்காரருக்குத் தொலைபேசியில் பேசி, கொப்பியைப் பார்த்து அடுத்த நாள் பெயர்களை எழுதினார். முற்பகலுக்கும் பிற்பகலுக்கும் வேறு வேறு நிறச் சிட்டை. முதல் இரண்டு நாள் சிட்டைக்காரரும் சிட்டை இல்லாதவரும் ஒன்றாக நின்று வாய்த்தர்க்கம் நடந்தது. மூன்றாம் நாள் படலையைச் சிட்டைக்கு மட்டும் திறந்தபோது சிட்டை கைமாறத் தொடங்கியது. மெசின் பழுதாகி வெட்டு நடக்காதவர் தன் சிட்டையை அயல் வயல்காரருக்குக் கொடுத்தார். முகாமையாளர் அதைத் தடுக்க நினைத்தார். தடுக்க வேண்டாம் என்றேன். தளத்தில் அன்றைக்கு ஒதுக்கிய இடம் வெறுமையாகக் கிடப்பதைவிட வேறொருவரின் நெல் அதில் காய்வது மேல். சிட்டையில் பெயருக்குப் பதிலாக ஈர நெல்லா காய்ந்த நெல்லா என்பதையும் எத்தனை மூடை என்பதையும் எழுதினால் போதும்.

தீராமல் இருப்பது ஒன்று. வயலுக்கே லொறியோடு வந்து, ஈரம் பாராமல், கைக்காசு கொடுத்து ஏற்றிக்கொண்டு தெற்கே போகும் வியாபாரிக்கு வரிசையும் இல்லை, சிட்டையும் இல்லை. அவர் கொடுக்கும் விலை குறைவு என்று தெரிந்தும் கமக்காரர் கொடுக்கிறார், ஏனென்றால் மெசின் கூலியும் உழவு இயந்திர வாடகையும் அன்று பின்னேரமே கொடுபட வேண்டும். ஆலையில் நெல்லைக் கொட்டியவருக்குப் பணம் வர எத்தனை நாள் ஆகிறது என்ற வரிசையை நான் அளக்கவில்லை. அடுத்த போகத்தில் படலையில் நின்று எண்ணுவதோடு, காசாளர் மேசையில் கிடக்கும் தீர்க்காத சிட்டைகளையும் மணிக்கொரு தடவை எண்ண ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.